கிலோமீட்டர் 14 ரூபாய்தான் என்பார்கள்... பில் மட்டும் இரட்டிப்பாகும்! வாடகை கார் எடுக்கும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மக்களே உஷார்

ஆவடி,

புரட்டாசி சனிக்கிழமை என்றால் திருப்பதி. கல்யாணம் நிச்சயமானால் பட்டு எடுக்க காஞ்சீபுரம். பவுர்ணமி என்றால் திருவண்ணாமலை. தை மாதம் மேல்மருவத்தூர். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் சொந்த கார் இல்லாத குடும்பங்கள் வருடத்தில் ஒரு தடவையாவது வாடகை காரை தேடித்தான் போக வேண்டி இருக்கிறது.

வயசான அம்மா, கைக்குழந்தை, மூட்டை முடிச்சு இவற்றோடு பஸ் மாறி, ரெயில் மாறி போக முடியாது. 7 பேர் சேர்ந்து ஒரு கார் எடுத்தால் தலைக்கு கொஞ்சம்தானே வரும் என்றுதான் எல்லோரும் கணக்கு போடுகிறார்கள். அந்த கணக்கு பெரும்பாலும் வீடு திரும்பும் நேரத்தில் பொய்த்து விடுகிறது.

"என்ன சார், கிலோமீட்டர் 14 ரூபாதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. கிலோமீட்டர் 14 ரூபாதான். மினிமம் இருக்குது, பேட்டா இருக்குது, டோல் இருக்குது, பெர்மிட் இருக்குது. எல்லாம் ஆபீசில சொல்லி இருப்பாங்களே..."

நள்ளிரவில் வீட்டு வாசலில் நடக்கும் இந்த பேச்சு பலருக்கும் பழகிப்போன ஒன்று. குழந்தை தோளில் தூங்கும். அக்கம் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். சண்டை வேண்டாம் என்று கேட்ட பணத்தை கொடுத்து அனுப்பி விடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவருக்கு 3 ஆயிரம் ரூபாய் என்பது பல நாள் சம்பளம். அது ஒரே இரவில் போய் விடுகிறது.

இதில் எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. டிரைவருக்கு பேட்டா கொடுப்பது நியாயம். டோல்கேட் பணம் பயணி தருவதும் வழக்கம்தான். ஆனால் இவற்றை முதலிலேயே சொல்லாமல், கிலோமீட்டர் ரேட்டை மட்டும் சொல்லி அட்வான்சு வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எந்தெந்த இடத்தில் பணம் கூடுகிறது, அதை எப்படி தவிர்ப்பது என்ற விவரம் வருமாறு:- (இதில் வரும் வாடகை தொகை எல்லாம் கணக்கு புரிவதற்காக போட்ட உதாரணம். கம்பெனிக்கு கம்பெனி, காருக்கு கார் ரேட் மாறும்.)

130 ஓடினால் 250-க்கு பில்

வெளியூர் வாடகையில் முதலில் மாட்டுவது 'மினிமம் கிலோமீட்டர்'. கார் எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஒரு நாளைக்கு 250 கி.மீ. ஓடியதாகவே கணக்கு வைப்பார்கள். சில இடங்களில் இது 300 கி.மீ.

ஆவடியில் இருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக காஞ்சீபுரம் போய் வர சுமார் 130 கி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டர் 14 ரூபாய் என்றால் ரூ.1,820. வீட்டில் எல்லோரும் மனதில் வைத்திருப்பது இந்த தொகையைத்தான்.

ஆனால் பில் எப்படி வரும்? மினிமம் 250 கி.மீ., அதற்கு ரூ.3,500. டிரைவர் பேட்டா ரூ.400. டோல், பார்க்கிங் சேர்த்து ரூ.250. மொத்தம் ரூ.4,150. நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதையே உள்ளூர் பேக்கேஜில் கேட்டுப் பார்க்கலாம். 8 மணி நேரம், 80 கி.மீ. ரூ.2 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 50 கி.மீ.க்கு ரூ.700. கடை கடையாக ஏறி இறங்கி 10 மணி நேரம் ஆகி விட்டால் கூடுதல் 2 மணி நேரத்துக்கு ரூ.400. டோல், பார்க்கிங் அதே ரூ.250. மொத்தம் ரூ.3,350. அதே கார், அதே ரோடு. ரூ.800 மிச்சம்.

எல்லா கம்பெனியும் காஞ்சீபுரத்தை உள்ளூர் பேக்கேஜில் சேர்க்க மாட்டார்கள். 12 மணி நேரம், 120 கி.மீ. என்று பேக்கேஜ் வைத்திருப்பவர்களும் உண்டு. போய் வரும் தூரம் 250 கி.மீ.க்கு குறைவு என்றால், "உள்ளூர் பேக்கேஜில் வருமா?" என்று 2, 3 இடத்தில் கேட்டு விட்டு முடிவு செய்வது நல்லது.

நள்ளிரவு 12 மணி

அடுத்து பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு, நாள் கணக்கு. ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் என்றுதான் நாம் நினைப்போம். வாடகை கார் பில்லில் பல இடங்களில் அப்படி இல்லை. நள்ளிரவு 12 மணிக்கு தேதி மாறினால் அடுத்த நாள் தொடங்கி விடும். மினிமமும் இரண்டு தடவை, பேட்டாவும் இரண்டு தடவை.

திருப்பதி பயணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு புறப்பட்டு, சாமி பார்த்து விட்டு சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வீடு திரும்புகிறார்கள். சரியாக 24 மணி நேரம். மேல் திருமலை வரை போய் வர சுமார் 280 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 14 ரூபாய் வீதம் ரூ.3,920. ஒரு நாள் பேட்டா ரூ.400. ஆக ரூ.4,320.

தேதி கணக்கில் பார்த்தால் இது 2 நாள். இரண்டு நாள் மினிமம் 500 கி.மீ., ரூ.7 ஆயிரம். இரண்டு பேட்டா ரூ.800. ஆக ரூ.7,800. வெள்ளிக்கிழமை இரவில் ஓடிய அந்த 2 மணி நேரத்துக்காக ரூ.3,480 கூடுதலாக போகிறது.

புறப்படும் நேரத்தை 12.30 மணி என்று மாற்றினாலே போதும். இரவு ஓட்டத்துக்கு தனி பேட்டா கேட்டாலும் சில நூறு ரூபாயோடு போய் விடும். ஆனால் ஒரு விஷயம். நள்ளிரவில் புறப்படுவது என்றால் பகல் முழுவதும் வண்டி ஓட்டிய டிரைவரை அனுப்ப கூடாது என்று கம்பெனியிடம் கண்டிப்பாக சொல்லி விட வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை பணயம் வைக்க முடியாது. அன்று பகலில் தூங்கி எழுந்த டிரைவர்தான் வர வேண்டும்.

திரும்பும்போதும் இதே கணக்குதான். இரவு 11.50-க்கு வீட்டில் இறங்குவதற்கும் 12.10-க்கு இறங்குவதற்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரலாம். "நாள் கணக்கு 24 மணி நேரமா, தேதி மாறினால் அடுத்த நாளா?" என்று முன்கூட்டியே கேட்பது அவசியம்.

ஷெட்டில் இருந்தே மீட்டர்

கார் நம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கிலோமீட்டர் ஓட ஆரம்பிக்கும் என்று நினைப்பது தவறு. பல கம்பெனிகளில் ஷெட்டை விட்டு கிளம்பியதில் இருந்து, திரும்பி ஷெட்டுக்கு போய் சேரும் வரை பில் போடுவார்கள். 'ஷெட் டூ ஷெட்', 'கராஜ் டூ கராஜ்' என்று சொல்வது இதைத்தான்.

பட்டாபிராமில் இருப்பவர் கோயம்பேடு பக்கம் உள்ள கம்பெனியில் கார் புக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வர 20 கி.மீ., திரும்ப 20 கி.மீ. பயணி காலே வைக்காத இந்த 40 கி.மீ.க்கு ரூ.560. மணி கணக்கு பேக்கேஜ் என்றால் இன்னும் மோசம். பாடி, அம்பத்தூர் டிராபிக்கில் கார் நிற்கும் நேரமும் நம் 8 மணி நேரத்தில்தான் கழியும்.

இதற்கு வழி, வீட்டுக்கு பக்கத்தில் உள்ள வண்டியை எடுப்பதுதான். ஆவடி, அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், குமணன்சாவடி, கரையான்சாவடி என எங்கும் டிராவல்ஸ் கடைகள் இருக்கின்றன. போனில் புக் செய்தால், "வண்டி எங்கிருந்து வருது? எங்கிருந்து மீட்டர் எடுப்பீங்க?" என்று கேட்டு விட வேண்டும்.

கார் வந்ததும் கிலோமீட்டர் காட்டும் இடத்தை செல்போனில் ஒரு போட்டோ. இறங்கும்போது இன்னொரு போட்டோ. இதில் சங்கடப்பட எதுவும் இல்லை. நியாயமாக ஓட்டும் டிரைவர் யாரும் இதற்கு கோபப்படுவதில்லை. செல்போன் மேப்பில் காட்டும் தூரத்துக்கும் பில்லில் உள்ள தூரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உடனே கேட்கலாம்.

பேட்டா யாருக்கு?

டிரைவர் பேட்டா என்பது டிரைவரின் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும். அதை பில்லில் சேர்த்து கம்பெனி வாங்கிக்கொண்டு, "எனக்கு எதுவும் வரலைண்ணே" என்று டிரைவரும் தனியாக கேட்டால் பயணிக்கு இரண்டு செலவு. டிரைவரை குறை சொல்வதிலும் அர்த்தம் இல்லை. ஒருவருடைய காரை இன்னொரு கம்பெனி புக் செய்து, நடுவில் கமிஷன் பிடித்து அனுப்புவது இந்த தொழிலில் சகஜம். கடைசியில் டிரைவர் கைக்கு என்ன வருகிறது என்பது பயணிக்கு தெரியாது.

அதனால் பேட்டா எவ்வளவு, பில்லோடு தருவதா, டிரைவர் கையில் தருவதா என்பதை புக் செய்யும்போதே பேசி விட வேண்டும். இரவு தங்கினால் தனி பேட்டா உண்டா, இரவு எத்தனை மணிக்கு மேல் ஓட்டினால் கூடுதல் என்பதையும் கேட்க வேண்டும்.

சில டிரைவர்கள் குறிப்பிட்ட ஓட்டலில்தான் நிறுத்துவார்கள், குறிப்பிட்ட ஜவுளிக்கடைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அங்கே கமிஷன் இருக்கலாம். அந்த பணம் கார் பில்லில் வராது, சேலை விலையில் வரும். எந்த கடை என்பதை குடும்பமே முடிவு செய்து கொண்டு கிளம்புவது நல்லது.

டோல்கேட் கணக்கு

மேற்கு புறநகரை விட்டு எந்த பக்கம் போனாலும் டோல்கேட் உண்டு. சென்னை பைபாசில் வானகரம், சூரப்பட்டு. பெங்களூரு ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலி. திருப்பதி ரோட்டில் திருவள்ளூரை தாண்டி பட்டரைபெரும்புதூர். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்ட சாலையிலும் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. 2023-ம் ஆண்டு டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்ட பஸ்களை பிடிக்க இந்த வெளிவட்ட சாலையில் கார் எடுத்து போகிறவர்கள் அதிகம். அந்த டோல் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2021 பிப்ரவரி மாதத்தில் இருந்து தேசிய நெடுஞ்சாலை சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயம். பணம் கார் உரிமையாளரின் பாஸ்டேக் கணக்கில் இருந்து போகும். அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். பயணிக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது. இந்த இடத்தில்தான் தொகை கூடுகிறது.

தேசிய நெடுஞ்சாலை சுங்கச்சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வர சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டணம்தான். ஒரு வழிக்கு 80 ரூபாய் என்றால் போக வர 120 ரூபாய். பில்லில் 160 என்று இருந்தால் 40 ரூபாய் கூடுதல். 4 டோல்கேட் தாண்டினால் இதுவே 160 ரூபாய். அதனால் டோல் தொகைக்கு அந்த எஸ்.எம்.எஸ்.சையோ, பாஸ்டேக் கணக்கின் பட்டியலையோ காட்டச் சொல்லி கேட்கலாம்.

பாஸ்டேக் இல்லாமலோ, அது செல்லாமல் போனாலோ ரொக்கமாக கட்டினால் இரண்டு மடங்கு கட்டணம் என்று இருந்தது. 2025 நவம்பர் 15-ந் தேதி முதல் யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று மாற்றப்பட்டது. டிரைவர் ரீசார்ஜ் செய்யாமல் வந்ததால் கூடும் இந்த பணத்தை பயணி தலையில் கட்டுவது நியாயம் இல்லை. கிளம்பும்போதே, "பாஸ்டேக்கில் பணம் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

ஒரு வழி டிராப் டாக்சி எடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கார் காலியாக திரும்பும் டோல் பணத்தையும் சிலர் பில்லில் சேர்ப்பது உண்டு. இதற்கும் தனியாக மினிமம் கிலோமீட்டர் வைத்திருப்பார்கள். 'ஒரு வழி' என்ற வார்த்தையை மட்டும் நம்பி ஏறி விடக்கூடாது.

பெர்மிட், மலைப்பாதை, இ-பாஸ்

திருப்பதி போனால் 'ஆந்திரா பெர்மிட்' என்று ஒரு தொகை வரும். இதில் இரண்டு வகை உண்டு. நாடு முழுவதும் செல்லும் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் எடுத்த கார் ஒரு வகை. 2021-ல் கொண்டு வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி, இந்த பெர்மிட்டுக்கு உரிமையாளர் மொத்தமாக பணம் கட்டி விடுகிறார். அப்படிப்பட்ட காருக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக பெர்மிட் பணம் கேட்டால், எதற்கு என்று கேட்க வேண்டும்.

அந்த பெர்மிட் இல்லாத கார்கள் ஒவ்வொரு தடவையும் தற்காலிக பெர்மிட் எடுத்து வரி கட்ட வேண்டும். அதற்கு ரசீது உண்டு. அதில் கார் நம்பர், தொகை, எந்த தேதி முதல் எந்த தேதி வரை செல்லும் என்ற விவரம் இருக்கும். உங்கள் பயணத்துக்கு முந்தைய தேதியில் வாங்கிய ரசீது என்றால் அதற்கு ஏற்கனவே வேறு ஒரு பயணி பணம் கொடுத்திருக்கலாம்.

திருமலை, ஏலகிரி, ஊட்டி, கொடைக்கானல் என்றால் 'ஹில்ஸ் சார்ஜ்' கேட்பார்கள். மலை ஏறும்போது ஏ.சி. போட மாட்டோம் என்பவர்களும் உண்டு. இதெல்லாம் கம்பெனி வைக்கும் கட்டணம். அரசு கட்டணம் இல்லை. பேசி குறைக்கலாம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை வந்தது. இணையதளத்தில் விண்ணப்பித்தால் இலவசமாக கிடைக்கும் பாஸ் இது. 'இ-பாஸ் சார்ஜ்' என்று பில்லில் ஒரு வரி இருந்தால் அது கம்பெனி தனக்காக போட்டுக்கொண்டது. வீட்டில் செல்போன் தெரிந்த பிள்ளையிடம் சொன்னால் சில நிமிடத்தில் எடுத்து கொடுத்து விடும்.

ஜி.எஸ்.டி. நம்பர் எங்கே?

எல்லாம் கூட்டி முடித்த பிறகு கடைசியாக ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை வரும். வாடகை காருக்கு 5 சதவீதம் என்பது பரவலாக போடப்படும் வரி. ஜி.எஸ்.டி. பதிவு செய்த கம்பெனி மட்டுமே இதை வசூலிக்க முடியும். வருட வருமானம் ரூ.20 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய டிராவல்ஸ்காரர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு செய்யாதவர் பயணியிடம் ஜி.எஸ்.டி. வாங்கவும் கூடாது.

ஜி.எஸ்.டி. நம்பர் 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33 என்று தொடங்கும். நம்பர் இல்லாத வெள்ளை தாளில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அந்த பணம் அரசுக்கு போகாது. நம்பர் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டு கம்பெனி பெயர் சரியா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆப் டாக்சியிலும் கவனம்

ஆப் டாக்சியில் எல்லாமே முன்னாலேயே தெரிந்து விடும் என்பார்கள். மழை பெய்தாலோ, ஷிப்டு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் புக் செய்தாலோ கட்டணம் ஏறும். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி விதிகளில், அடிப்படை கட்டணத்தைப் போல அதிகபட்சம் 2 மடங்கு வரைதான் ஏற்றலாம் என்று கூறப்பட்டது. தகுந்த காரணம் இல்லாமல் பயணத்தை ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்றும், இது பயணிக்கும் டிரைவருக்கும் பொருந்தும் என்றும் சொல்லப்பட்டது. அடிப்படை கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசின் பொறுப்பு.

ஏறும் முன் ஆப்பில் காட்டும் தொகையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு. டோல் பணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்பத்தூரில் இருந்து பைபாஸ் வழியாக விமான நிலையம் போகும்போது, "வானகரம் டோல் தனியா குடுங்க சார்" என்று டிரைவர் கேட்பார். பில்லிலும் டோல் இருந்தால் ஒரே டோலுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்ததாகி விடும்.

விலையை முதலில் குறைத்து காட்டி, பணம் கட்டும் கடைசி கட்டத்தில் சொட்டு சொட்டாக ஏற்றுவதை மத்திய அரசே தவறான வியாபார முறை என்று அறிவித்து இருக்கிறது. 2023 நவம்பர் 30-ந் தேதி வெளியான அறிவிப்பில் இப்படி 13 வகை தந்திரங்கள் பட்டியலிடப்பட்டன. நாம் கேட்காத சேவையை நமக்கு தெரியாமல் பில்லில் சேர்ப்பதும் அந்த பட்டியலில் உண்டு.

இது சென்னை பிரச்சினை மட்டும் இல்லை. ஐரோப்பாவில் பெரிய வாடகை கார் கம்பெனிகள் மீதே இந்த புகார் எழுந்தது. 2019 ஜனவரியில், ஏவிஸ், ஹெர்ட்ஸ் உள்பட 5 கம்பெனிகள், கட்டாய கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்தே முதல் விலையை காட்டுவதாக ஐரோப்பிய கமிஷனிடம் ஒப்புக்கொண்டன. அங்கேயே அரசு தலையிட்ட பிறகுதான் நடந்தது.

வெள்ளை போர்டு விலை குறைவுதான், ஆனால்...

"தெரிஞ்ச பையன் வண்டிதான், கிலோமீட்டர் 11 ரூபாய்க்கு வரும்" என்று சொந்த உபயோக காரை வாடகைக்கு எடுப்பது புறநகரில் சாதாரணமாக நடக்கிறது. வெள்ளை நம்பர் பிளேட்டில் கருப்பு எழுத்து இருந்தால் அது சொந்த கார். மஞ்சள் பிளேட்டில் கருப்பு எழுத்து இருந்தால்தான் டிரைவருடன் வரும் வாடகை கார். மின்சார வாடகை கார் என்றால் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து.

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகன சட்டப்படி ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை தண்டனைக்கு இடம் உண்டு. வழியில் அதிகாரிகள் பிடித்தால் கார் அங்கேயே நின்று விடும். குடும்பத்தோடு நடுரோட்டில் வேறு வண்டி தேட வேண்டியதுதான். அதை விட பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்துக்கு பொருந்தாது என்று கம்பெனி வாதாடும். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் பிடித்து, ஆஸ்பத்திரி செலவுக்கு கோர்ட்டு படி ஏறும் நிலை வரலாம்.

நாமே ஓட்டும் கார் என்றால்

டிரைவர் இல்லாமல் எடுத்து ஓட்டும் வாடகை காருக்கு கருப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். 1989-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த இதற்கான திட்டத்தில், லைசென்சு கேட்கும் கம்பெனி குறைந்தது 50 கார்கள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடப்பட்டது. அதனால் ஒரு காரையோ, இரண்டு காரையோ வைத்துக்கொண்டு வெள்ளை போர்டில் 'செல்ப் டிரைவ்' விடுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இங்கே செலவு டெபாசிட்டில் ஒளிந்திருக்கும். "இந்த கீறல் முன்னாடி இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் சில ஆயிரம் போய் விடும். அதனால் சாவி வாங்கும்போதே காரை சுற்றி வந்து ஒரு வீடியோ எடுக்க வேண்டும். பம்பர், கண்ணாடி, டயர், ஸ்டெப்னி, பெட்ரோல் முள் எல்லாம் அதில் பதிவாக வேண்டும். திருப்பி ஒப்படைக்கும்போதும் அதே மாதிரி இன்னொரு வீடியோ.

கிலோமீட்டர் வரம்பு உண்டா, ஒரு மணி நேரம் தாமதமானால் எவ்வளவு, குறிப்பிட்ட வேகத்தை தாண்டினால் அபராதம் பிடிப்பார்களா, விபத்து நடந்தால் நம் பங்கு எவ்வளவு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும்... இந்த ஐந்தையும் கேட்காமல் கையெழுத்து போடக்கூடாது. ஒரிஜினல் ஆதார், பைக்கின் ஆர்.சி. புத்தகம் போன்றவற்றை அடமானமாக கொடுப்பதை தவிர்க்க வேண்டும். பிறகு டெபாசிட் தகராறு வந்தால் நம் குடுமி அவர்கள் கையில்.

ஒரு வாட்ஸ்அப் போதும்

பேசியதை எழுத்தில் வாங்கி வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. வக்கீல் வேண்டாம், பத்திரம் வேண்டாம். அட்வான்சு அனுப்பும் முன் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்:-

"சனிக்கிழமை நள்ளிரவு 12.30 மணிக்கு ஆவடியில் இருந்து திருப்பதி, அன்று இரவே திரும்புகிறோம். 7 பேர். வாடகை, பேட்டா, டோல், பெர்மிட், மலை, பார்க்கிங், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இதற்கு மேல் எதற்கெல்லாம் பணம் கேட்பீர்கள்? கார் நம்பர், டிரைவர் பெயர் அனுப்பவும்."

பதில் வந்த பிறகு அட்வான்சு அனுப்பலாம். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அடுத்த கம்பெனியை பார்க்கலாம். அட்வான்சை கம்பெனி கணக்குக்கே அனுப்ப வேண்டும். பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப கிடைக்கும் என்பதையும் அதே செய்தியில் கேட்டு விடலாம்.

கேட்க மறக்க கூடாதவை

* ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர்?

* நாள் கணக்கு 24 மணி நேரமா, நள்ளிரவு 12 மணியா?

* மீட்டர் ஷெட்டில் இருந்தா, வீட்டு வாசலில் இருந்தா?

* பேட்டா எவ்வளவு, யார் கையில்? இரவு பேட்டா தனியா?

* டோல், பார்க்கிங், பெர்மிட்டுக்கு ரசீது தருவார்களா?

* ஏ.சி., மலை, மேலே லக்கேஜ் கட்டுவது இவற்றுக்கு தனி பணமா?

* ஜி.எஸ்.டி. உண்டா? நம்பர் என்ன?

* வண்டி பழுதானால் மாற்று வண்டி யார் பொறுப்பு?

பணம் போய் விட்டால் எங்கே போவது?

வீட்டு வாசலில் தகராறு வந்தால் சத்தம் போட வேண்டாம். பேசிய தொகையை கொடுத்து விட்டு, மீதிக்கு விவரமான பில் கேட்க வேண்டும். பில் தந்தால் பார்த்து கொடுக்கலாம். மிரட்டினால் 100 அல்லது 112-க்கு போன் செய்யலாம். வேறு வழியின்றி பணம் கொடுத்தாலும் யு.பி.ஐ. மூலம் கொடுத்தால் ஆதாரம் இருக்கும்.

அடுத்த நாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கம்பெனியிடம் பேசி பணத்தை திரும்ப வாங்கி தர முயற்சி செய்வார்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு கோர்ட்டு கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆவடி, பூந்தமல்லி தாலுகாக்காரர்களுக்கு திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்து விட்டதால் அவர்களுக்கு சென்னை.

பெர்மிட் இல்லாத வண்டி, வெள்ளை போர்டு வாடகை போன்ற புகார் என்றால் அம்பத்தூர், பூந்தமல்லி வட்டார போக்குவரத்து அலுவலகங்களில் கொடுக்கலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம்தான். புக் செய்தபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கிலோமீட்டர் போட்டோ 2, பணம் அனுப்பிய ரசீது. இவை மூன்றும் செல்போனில் இருந்தால் போதும். பயணம் முடிந்த கையோடு போட்டோக்களை அழித்து விடாமல் கொஞ்ச நாள் வைத்திருக்க வேண்டும்.